முக்காலை அரையால் வகுத்தல்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தபோது மகள் ஆறாம் வகுப்பில் இருந்தாள். ஒரகடத்தில் வண்டி உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். காலை ஷிப்டில், லைன் பக்கத்திலேயே விழுந்துவிட்டார். உயிர் தப்பியது. வலது கை விளங்கவில்லை. பேச்சு இழுத்து இழுத்து வந்தது.

மூன்று மாதம் கழித்துப் படப்பை ஆஸ்பத்திரியில், “மூளைக்கு வேலை குடுங்க. சின்னச் சின்னக் கணக்கு போடச் சொல்லுங்க” என்றார்கள். மகளுக்கு ஒரே சந்தோஷம். அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். தன் நோட்டை அவர் மடியில் வைத்து, “இன்னிக்கி நீ போடுப்பா, நான் திருத்துறேன்” என்றாள்.

முக்காலை அரையால் வகுக்க வேண்டும். இடது கையால், எறும்பு ஊர்வதுபோல எழுதினார். இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டியவர், முதல் பின்னத்தைத் தலைகீழாக்கிவிட்டார். நான்கின் கீழ் ஆறு வந்தது. அதைச் சரியாகவே சுருக்கி, இரண்டின் கீழ் மூன்று என்று எழுதி நிமிர்ந்தார். முகமெல்லாம் வியர்வை.

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு சிவப்புப் பேனாவால் பெரிதாக ஒரு ரைட் போட்டாள்.

அவர் அந்த ரைட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தப்புக்கு… இன்னாத்துக்கு… ரைட்டு?”

“கரெக்டுதாம்பா.”

“முக்கால்ல… ஒரு முழு அரை இருக்கு. அதுக்கு மேலயும் மிச்சம் இருக்கு. ஒண்ணுக்கு மேலதான வரணும்? இது… கம்மியா கீது.”

எங்கே தப்பு என்று தேடினார். வரி வரியாக விரலை வைத்துத் தேடினார். தப்பு இருப்பது தெரிகிறது, எந்த இடத்தில் என்று தெரியவில்லை. “நான் சொல்றேம்பா” என்று மகள் குனிந்ததும் நோட்டை மூடிவிட்டார். “வேணாம்.”

அவள் பின்பக்கம் போய்க் குழாயடியில் உட்கார்ந்து அழுதாள். “நான் ஏமாத்தணும்னு போடலம்மா” என்றாள். எனக்குத் தெரியும். அவளைத் தேற்றப் போன நான், சேர்ந்து அழுதேன்.

அப்புறம் அவள் அவரிடம் நோட்டைக் கொண்டுபோகவில்லை. பக்கத்துத் தெருவில் டியூஷன் சேர்த்தேன். அவள் கிளம்பும்போது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

பழைய வேலை கிடைக்கவில்லை. பல மாதம் அலைந்தபின் அதே கம்பெனியில் கேட்டில் உட்காரவைத்தார்கள், உள்ளே வரும் லாரிகளின் நம்பரை எழுதிவைக்க. முதல் நாள் திரும்பி வந்ததும், “எப்படி இருந்துச்சி?” என்று கேட்டேன்.

“பாத்து எழுதுறதுதான்,” என்றார். “கஷ்டம் ஒண்ணும் இல்ல.”

மகள் தட்டு வைத்துச் சோறு போட்டாள். குழம்பை ஊற்றிப் பிசைந்து கொடுக்கப் போனவளின் கையை மெல்ல ஒதுக்கிவிட்டு, தானே இடது கையால் பிசைய ஆரம்பித்தார்.