பித்தளைக் கேள்வி

வழவழப்பான பிளாஸ்டிக் பொத்தான் எதன்மேல் விரல் பட்டாலும் எனக்கு உள்ளங்கை வேர்க்கும்; விடை தெரிந்திருந்தும் அதைச் சொல்லத் தெரியாமல் தோற்ற மேதை, நாமகிரிப்பேட்டை வட்டாரத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

அரபியும் அரசுப் பாடமும் சேர்த்துச் சொல்லித்தரும் சின்னப் பள்ளி எங்களுடையது. பத்தாவது படிக்கையில், நாமக்கல்லில் நடக்கும் வினாடி வினாவில் ஜெயிக்கும் அணிக்குப் பெரிய விடுதிப் பள்ளியொன்றில் இலவசமாகப் பிளஸ் டூ வரை இடம் என்றார்கள். எனக்கு அது வெறும் பஸ் பயணம். அணியில் என்னோடு இருந்த மும்தாஜுக்கு அதுதான் எல்லாம். லாரி ஓட்டும், அவளைப் பெற்ற அத்தா, "ஓசில சீட்டு கெடச்சா படி, இல்லாட்டி பத்தோட நிறுத்திக்க" என்று சொல்லிவிட்டிருந்தார்.

எங்களைத் தயார் செய்தவர் பள்ளியில் அரபி ஓதிக்கொடுக்கும் அஸ்ரத்து. அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: பொது அறிவுப் புத்தகத்தையும் "ஓதுற" மாதிரியே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து ராகமாக ஒப்பிக்க வேண்டும். தடுக்கினால், "மொதல்ல இருந்து வா சாமி." போட்டியில் அமுக்கும் பஸ்ஸர் பொத்தானுக்குப் பதில் பெஞ்சைத் தட்ட வேண்டும். "ரோசிக்காமத் தட்டு, தட்டுனவனுக்குத்தான் கேள்வி." ரோசிக்காத விஷயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை.

கடைசிக் கேள்வி, இன்னொரு பள்ளியோடு சமநிலை. செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் என்ன? கேள்வி முடியும்முன் பொத்தானை அமுக்கிவிட்டேன். விடை நடுப்பக்கத்தில் இருந்தது எனக்குத் தெரியும், ஆனால் அங்கே போக எனக்கு ஒரே பாதைதான். மேடையில் ஆடிக்கொண்டே, "தேசியப் பறவை மயில், தேசிய விலங்கு புலி…" என்று ஆரம்பித்தேன். அமுக்கியவரே பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. மும்தாஜ் உதட்டைக் கடித்துக்கொண்டு என் தொடையில் கிள்ளினாள். நான் தேசிய மலருக்கு வந்தபோது மணி அடித்தது. சபை சிரித்தது. வழக்கம்போல நானும் சிரித்தேன்.

மும்தாஜ் பத்தோடு நின்றாள்.

இப்போது, வேறு ஆள் கிடைக்காததால், முட்டை லோடு அனுப்பும் வேலை முடிந்து அலுப்போடு வந்து அதே பள்ளிப் பிள்ளைகளைப் போட்டிக்குத் தயார் செய்கிறவன் நான். ஆட்டமும் ராகமும் போய்விட்டன. பிள்ளைகள் செல்போனைத் தள்ளித் தள்ளிப் படிக்கிறார்கள். அஸ்ரத்தும் இல்லை. அணியில் மும்தாஜின் மகள் இருக்கிறாள். நேற்று அவளைக் கூட்டிப்போக வந்த மும்தாஜிடம், "இந்தத் தடவ சீட்டு நமக்குத்தான், நான் சொல்லித்தரேன்ல" என்று இளித்தேன்.

அவள் இளிக்கவில்லை. "சொல்லித்தர்றதெல்லாம் செரி. போட்டியன்னிக்கு மட்டும் நீ ஊட்லயே இருந்துக்கப்பா."