மச்சாள் மறைத்த நோன்பு

நோன்பு மாதம் வந்தால் என் மச்சாள் றெஜிதா குசினி யன்னலைச் சாத்திவிட்டுத்தான் மீன் பொரிப்பார். அந்த யன்னலுக்கு நேரே பக்கத்து வீட்டு ஸுல்பிகா ராத்தாவின் முற்றம் இருக்கிறது. பகல் முழுக்கப் பட்டினி கிடப்பவர்களுக்கு எங்கள் பொரியல் மணம் போகக் கூடாது என்று அவருக்கு எண்ணம். ராத்தா கேட்டதும் இல்லை, மச்சாள் அதைச் சொன்னதும் இல்லை. அண்ணனைக் கட்டி, திருக்கோவிலிலிருந்து கல்முனைக்கு வந்த வருசத்திலிருந்து பார்க்கிறேன். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பாரே தவிர யன்னலைத் திறக்க மாட்டார்.

இந்த ஒழுங்கையில் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், நாங்கள் ஒரு வீடுதான். அண்ணன் ஜெப்றி கட்டாரில் வேலை. ஒரே மகள் நிறோசா மட்டக்களப்பில் கலியாணம் கட்டியிருக்கிறாள். வீட்டில் மச்சாளும் நானும். மச்சாள் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பார். நோன்பு மாதத்தில் விடியுமுன் உண்ணும் சஹர் சாப்பாட்டுக்கென்று பின்னேரத்திலும் அவிப்பார்.

ஒழுங்கை முனையில் கடை வைத்திருக்கும் ஜவாத் காக்கா ஒருநாள் சொன்னார்: “வேதக்காரரப் பத்தி எனக்கென்ன தெரியும்? எனக்குத் தெரிஞ்சது றெஜிதாவத்தான். அவ நல்லவ எண்டா அவங்களும் நல்லவங்கதான்.”

நல்ல வார்த்தைதான். மச்சாளுக்கு அது நிம்மதியைத் தரவில்லை. “இனி நான் கடையில வாய்ச்சண்டை பிடிக்கவும் ஏலா போல,” என்று வழி நெடுகப் புறுபுறுத்துக்கொண்டு வந்தார்.

நிறோசாவுக்கு இரண்டு தரம் பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. இந்த வருசம் தை கடைசியில் மறுபடியும் தங்கியிருப்பதாகப் போன் வந்தது. அன்றிலிருந்து மச்சாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூட்டின முற்றத்தையே திரும்பக் கூட்டினார். கடைசியில் மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் நேர்ந்துகொண்டார். பிள்ளை தங்கவேண்டும், அதற்காகத் தவக்காலம் முடியும்வரை இறைச்சியும் மீனும் வாயில் வைப்பதில்லை என்று.

இந்த வருசம் எங்கள் தவக்காலமும் அவர்களின் நோன்பும் ஒன்றாகவே தொடங்கின. விபூதிப் புதன் பூசையில், நோன்பை ஊருக்குக் காட்டிக்கொண்டு திரியாதீர்கள், கடவுளுக்குத் தெரிந்தால் போதும் என்று பாதர் பிரசங்கம் வைத்தார். மச்சாள் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

முதல் நோன்பன்றே வழமைபோல ராத்தாவின் மகள் அப்ரா வேலிக்கு மேலால் கஞ்சிச் சட்டியை நீட்டினாள். கலியாணம் முடித்துத் தாயுடனேயே இருப்பவள். இஞ்சியும் ரம்பை இலையும் போட்டு, இறைச்சித் துண்டுகள் மிதக்கும் கஞ்சி. மச்சாள் சிரித்த முகத்தோடு வாங்கினார். உள்ளே கொண்டுவந்து என்னிடம் தந்தார். நான் குடித்தேன்.

மறுநாள் ராத்தா வேலியடியில் கேட்டார். “கஞ்சி எப்படிகா?”

“நல்லா இருந்திச்சு ராத்தா.”

அடுத்த நாளிலிருந்து மச்சாள், உப்பு எப்படி, உறைப்பு எப்படி என்று என்னிடம் கேட்டு வைத்துக்கொண்டுதான் வேலிப் பக்கம் போனார். திரும்பி வந்தால் ஒரு இடத்தில் இருக்க மாட்டார். கழுவிய சட்டியை மறுபடி கழுவுவார்.

“சொன்னா என்ன மச்சாள்?” என்று கேட்டேன்.

“சொன்னா காட்டுறதாப் போயிரும். காட்டினதுக்குப் பலன் இல்லையெண்டு கடவுள் விட்டுட்டாரெண்டா? அங்க புள்ள வயித்தில கிடக்கு.”

நிறோசாவுக்குத் தலைச்சுற்று என்று நான் மட்டக்களப்புக்குப் போய் ஓரிரவு தங்க வேண்டியிருந்தது. அன்றும் கஞ்சி வந்தது. குடிக்க ஆள் இல்லாமல் விடியும்போது புளித்துவிட்டது. நோன்புக் கஞ்சியை வடிகானுக்குள் ஊற்ற மச்சாளுக்கு மனம் வரவில்லை. ஒரு உயிராவது தின்னட்டும் என்று கிணற்றடியில் ஒழுங்கை நாய்க்கு வைத்தார். உடுப்புக் காயப்போட வந்த அப்ரா அதைக் கண்டாள்.

அன்று பின்னேரம் கஞ்சி வரவில்லை. அப்ரா மட்டும் வேலியடியில் வந்து நின்று, “சஹருக்கு இடியப்பம் வேணாமாம். உம்மா ரொட்டி சுடுறாவாம்,” என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த நாள் கடையில் ஜவாத் காக்கா கேட்டார்: “என்ன றெஜிதா, உங்கட நாய்க்கும் நோம்பா?” நின்றவர்கள் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மச்சாள் வாசலுக்கும் குசினிக்குமாக நடந்தார். “என்னச் சொன்னா பரவாயில்ல. வேதக்காரர் எல்லாரும் இப்படித்தானெண்டு காக்கா நினைச்சிருப்பார்.”

“பாதரிட்டக் கேட்டுப் பாப்பமா?”

“வேலிக்கு அங்கால இருக்கிறது பாதரா?” என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டார். நானும் பின்னால் போனேன்.

ராத்தா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார். “என்னகா, நாய்க்கு உறைப்புக் கூடிட்டா?”

மச்சாள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பிள்ளைக்கு நேர்ந்தது, பாதரின் பிரசங்கம், கஞ்சி புளித்தது, ஊற்ற மனமில்லாமல் நாய்க்கு வைத்தது. ராத்தா கத்தியைக் கீழே வைத்தார்.

“அப்ப, தினமும் நல்லா இருந்திச்செண்டு சொன்னது?”

“பொய் ராத்தா.”

“உப்புக் கொஞ்சம் கூடவெண்டு நீங்க செல்லி, நானும் மறுநாள் குறைச்சுப் போட்டேனே?”

“அது இவள்ட நாக்கு.” மச்சாள் என்னைக் காட்டினார். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

ராத்தாவின் வாயோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. “நோம்போட பொய் சொன்னா எங்களுக்குப் பட்டினி மட்டுந்தான் மிச்சம். உங்கட வேதத்தில எப்படியோ தெரியா.”

“எங்கடதிலயும் அப்படித்தான் இருக்கும். நான்தான் யோசிக்கல்ல.”

அப்ரா உள்ளறையிலிருந்து வந்தாள். “இறைச்சி ஆகாண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா உம்மா வேறாக்கி வெச்சிருப்பா. நாய் நக்கினத நான் கண்ணால கண்டன்.” பதிலுக்கு நிற்காமல் திரும்பிப் போய்விட்டாள்.

மச்சாள் குசினி நிலத்திலேயே அமர்ந்தார். பிறகு, “இண்டைக்கு எனக்கும் ஒரு கோப்பை தாங்க ராத்தா. இஞ்ச இருந்தே குடிக்கிறன். எல்லாரும் காணட்டும்,” என்றார்.

அது இறைச்சிக் கஞ்சி. அந்தக் கோப்பைக்கு அவர் எதை ஈடாக வைக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

நோன்பு திறக்கப் பள்ளியில் பாங்கு சொன்னார்கள். ராத்தா கஞ்சி வார்த்து வைத்தார். இறைச்சி மேலே தெரிந்தது. மச்சாள் கை நீட்டியபோது ராத்தா தன் கையால் கோப்பையை மூடினார்.

“வேணா. பேரப்புள்ளைக்கு நேந்தத என்ட சட்டியால முறிக்க ஏலா. நாளைக்கு ஒண்டு நடந்தா நான் படைச்சவனுக்கு என்ன செல்ற?” பேரீச்சம்பழத் தட்டைத் தள்ளி வைத்தார். “இதில இறைச்சி இல்ல. பயப்படாமத் தின்னுங்க.”

மச்சாள் தின்றார்.

அன்றோடு மச்சாளின் மனம் அடங்கியது என்று சொல்ல மாட்டேன். முறிக்கத் துணிந்ததே முறித்தது போலாகுமா என்று பல நாள் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.  தவக்காலம் முடியும்வரை இறைச்சி மீன் தொடவில்லை. யாராவது கேட்டால் மட்டும், “ஓம், நேத்தி,” என்று மறைக்காமல் சொன்னார்.

உயிர்த்த ஞாயிறும் இரண்டு பெருநாட்களும் கழிந்துவிட்டன. நிறோசாவுக்கு இப்போது ஏழாம் மாதம். போன் அடித்தால் மச்சாள் மாக் கையோடு ஓடுகிறார். ஸுல்பிகா ராத்தா மறுபடி இடியப்பம் வாங்குகிறார். ஒழுங்கையில் பாதிப் பேருக்கு நாய்க் கதை மட்டுந்தான் தெரியும். வழியில் கண்டால் மச்சாள் அப்ராவிடம் கதை கொடுக்கிறார். அவள் இன்னும் பதில் கதைப்பதில்லை.