வயிற்றுக்குள் விட்ட சீனித் தண்ணீர்

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோது, இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்யும் மெசினை அவருடைய இதயம் தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மிச்சமிருந்தது வயிறு ஒன்றுதான். வயிற்றில் ஒரு குழாய் வைத்தார்கள். அதன் வழியே ஒரு பை மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, வடித்து எடுக்க வேண்டும். நாளுக்கு நாலு தரம். கழிவு அதோடு வெளியே வரும்; அதிலுள்ள சீனி உடம்பில் மிஞ்சிய நீரையும் இழுத்துவரும். இணுவில் வீட்டில் ஓர் அறையைக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டு எல்லாம் நான்தான் செய்தேன்.

பை இரண்டு வகை. ஒன்று சாதாரணம், மற்றது சீனி கூடிய கடும் பை. கால் வீங்கினால் மட்டும்தான் கடும் பை என்று தாதி பத்துத் தரம் சொல்லி அனுப்பினாள்.

மனிசனோ தோட்டக்காரர். வெங்காயத்துக்கு ஒரு மூடி பூச்சிமருந்து என்று போத்தலில் எழுதியிருந்தால் ஒன்றரை மூடி ஊற்றுகிற ஆள். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான். சிறுநீர் போகாத உடம்பு என்று குடிக்கிற தண்ணீரையும் நான் அளந்து கொடுத்தால் அவர் பொறுப்பாரா?

"இஞ்சரும், ஒரு தேத்தண்ணி தாருமப்பா. பிறகு அந்தக் கடும் பையைக் கொழுவிவிடும். குடிச்சதெல்லாம் வந்திடும்."

"உங்களுக்கென்ன விசரே? தாதிப்பிள்ளை என்ன சொன்னவ?"

"அவை அப்பிடித்தான் சொல்லுவினம். மருந்து கொஞ்சம் கூடினாப் பயிரே சாகுது? பூச்சிதான் சாகும்."

கெடுகுடி சொற்கேளாது என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே கேத்திலை அடுப்பில் வைத்தேன். கடும் பையையும் கொழுவினேன். குடித்தது அப்படியே வந்தது. அந்த மனிசனின் முகத்தில் வந்த சிரிப்பைக் கண்டால் யாருக்குத்தான் மனம் இளகாது! அன்றோடு விட்டேனா? கிளினிக்கில், "கால் வீங்குது டொக்டர்" என்று பொய் சொல்லிச் சொல்லிக் கடும் பைகளை வாங்கினேன். வெட்கங்கெட்டவள் நான்.

மூன்றாம் வருஷம் உள்ளே விட்ட அளவுகூடத் திரும்பி வரவில்லை. கால் உண்மையாகவே வீங்கியது. கடும் பைக்கும் அது வற்றவில்லை.

டொக்டர் கடதாசியில் கீறிக் காட்டினார். வயிற்றுக்குள் ஒரு மெல்லிய சவ்வு. அதன்மேல் ஒரே ஒரு வரிசை உயிர்க்கலங்கள், நிலத்தில் ஓடு பதித்தது போல. சீனித் தண்ணீர் நாளடைவில் அவற்றைப் புண்ணாக்கி உதிர்த்துவிடுமாம். உதிர்ந்த இடத்தில் தழும்பு தடிக்குமாம், இரத்தக்குழாய்கள் கண்டபடி முளைக்குமாம். பிறகு சீனியை உடம்பே உறிஞ்சிவிடும், நீர் வராது. நான் அழுதழுது பொய்யை ஒப்புக்கொண்டேன்.

"சாதாரணப் பையும் இதைத்தானம்மா செய்யும். கொஞ்சம் மெல்லமாச் செய்யும்," என்றார்.

எவ்வளவு மெல்ல? ஒரு வருஷமா, ஐந்து வருஷமா? அவருக்கும் தெரியவில்லை. என் கையால் அவருக்குப் போன காலம் எவ்வளவு என்று இனி யாரிடம் போய்க் கேட்பேன்!

"வேறை வழி ஒண்டும் இல்லையே, ஐயா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். "இனி அவர் ஆசைப்பட்டதைக் குடுங்கோ."

ஆசுப்பத்திரி வாசலில் ஓட்டோவுக்குள் மனிசன் காத்திருந்தார்.

"என்னவாம்?"

"தேத்தண்ணி குடிக்கலாமாம். விரும்பின அளவு."

சிரிக்கத்தான் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"எத்தினை நாளாம்?" என்று கேட்டார்.