தண்ணீர் குடிக்காத பெண்கள்

டாக்டர் சொல்வதை ஜனங்கள் ஏன் கேட்பதில்லை என்று ஆராய்வது என் உத்தியோகம். ஜனங்கள் சொல்வதை டாக்டர்கள் ஏன் கேட்பதில்லை என்று ஆராய மட்டும் இதுவரை யாரும் என்னை அனுப்பியதில்லை. இதே பிழைப்பில் இருப்பவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

விழிப்புணர்ச்சி

மலேசியாவில் சுவா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே ஒரு மண்டோரின், அதாவது கங்காணியின், மேற்பார்வையில் மருந்தடிக்கும் பெண்களுக்குச் சிறுநீர்க் கோளாறு ஓயாமல் வந்துகொண்டிருந்தது. "தண்ணீர் குடிப்பதில்லை, விழிப்புணர்ச்சி போதாது" என்று எங்கள் மேலதிகாரி சிரம்பான் ஆபீசில் ஏர்கோனுக்கு அடியில் உட்கார்ந்தே முடிவு கட்டிவிட்டார். ஒப்புக்கு என்னையும் போய்க் கேட்டு வரச் சொன்னார்.

அந்தப் பெண்களில் ஒருவரான லெட்சுமி அக்காவுக்கு ஒரு சிறுநீரகம் ஏற்கெனவே பழுது. இன்னொன்றையாவது காப்பாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியும் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று கேட்டேன். சுகாதார இலாகாவிலிருந்து யார் போனாலும் அவருக்கு மிஸ்ஸிதான், நர்சம்மாதான். "குடிச்சா போவணும்ல மிஸ்ஸி? இந்தக் காட்டுல கக்கூஸ் எங்க இருக்கு? மண்டோரு வேற மோட்டார்ல சுத்திக்கிட்டே இருக்காரு லா!"

அன்பளிப்பு

கழிப்பறை வேண்டும் என்று பச்சையாக எழுதிக் கொடுத்தேன். வந்து இறங்கியது ஆளுக்கொரு தண்ணீர் போத்தல், 'நிறைய நீர் அருந்துவீர்' என்ற அச்சோடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதை விநியோகிக்கும் பாக்கியமும் எனக்கே.

லெட்சுமி அக்கா போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கக்கூஸ் கேட்டோம், போத்தல் குடுக்குறீங்க. இதுக்குள்ளயா போறது மிஸ்ஸி?"

திறப்புவிழா

நான் விடவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் கத்தினேன். ஆபீசில் எனக்குக் 'கக்கூஸ் மேடம்' என்று பெயரே விழுந்தது. விழட்டும். கடைசியில் காட்டோரம் கழிப்பறை எழும்பியது. மேலதிகாரி ரிப்பன் வெட்டினார், படம் பிடித்தார்கள், எல்லோரும் மீ கோரேங் சாப்பிட்டுக் கலைந்தார்கள்.

அடுத்த மாதம் போனால் கதவில் பூட்டு! மண்டோர் சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் சுற்றுகிறார். அவசரமென்றால் அவரைத் தேடிப் பிடித்துக் கேட்டு வாங்க வேண்டும். நடுக்காட்டில் நின்று அவரோடு சண்டை போட்டேன். "பெரியவங்க பார்க்க வந்தா சுத்தமா இருக்க வேணாமா மேடம்?" என்றார்.

லெட்சுமி அக்காவின் முகம் வீங்கியிருந்தது. போத்தல் நிறையத் தண்ணீர், அப்படியே இருந்தது. கேட்டு வாங்கிப் போகக்கூடாதா அக்கா என்றேன். "ஆம்பளகிட்ட போயி ஒன்னுக்குப் போவ சாவி கேக்கறதுக்கு, இந்த ஒத்தக் கிட்னியும் போனா போவட்டும் மிஸ்ஸி."

இந்த வருஷம் என் மேலதிகாரி எனக்குக் கொடுத்திருக்கும் ஆராய்ச்சித் தலைப்பு, 'தோட்டத்துப் பெண்கள் கழிப்பறையை ஏன் பயன்படுத்துவதில்லை?'