செவலை தண்ணீர் குடித்த விதம்

துளசிக்கு முப்பத்தெட்டு வயதில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. விலங்குகளின் நடத்தையும் நலனும் பற்றிய படிப்பு. ஈப்போ நகரை ஒட்டி அவள் குடியிருந்த புந்தோங்கில், தெருவில் பார்ப்பவர்களெல்லாம், "மாட்டு டாக்டராகப் போறியா?" என்று கேட்டார்கள். ஊசி போடுவது டாக்டர் வேலை, மிருகம் என்ன செய்கிறது, ஏன் செய்கிறது, சுகமாக இருக்கிறதா என்று பார்ப்பது தன் படிப்பு என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது.

அதற்குமுன் பதினேழு வருடம் ஈப்போவில் ஒரு மிருக மருத்துவமனையில் கூண்டு கழுவினாள். நாய்களைக் குளிப்பாட்டினாள். ஊசி போடும்போது கடி வாங்காமல் பிடித்துக்கொள்ள அவளைத்தான் கூப்பிடுவார்கள். வேலை அனுபவத்தைக் காட்டியும் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்ற செய்தியைக் கைப்பேசியில் பார்த்துச் சொன்னவன் அவள் கணவன் தர்மா. பேருந்து ஓட்டுபவன்.

"போய்ப் படிலா. சமையலு, பிள்ளைங்க எல்லாம் எம்பொறுப்பு," என்றான்.

சொன்ன சொல்லில் நின்றான். முதல் வருடம் புள்ளியியல் பாடத்தில் தோற்றுப்போய் அவள் அழுதுகொண்டிருந்தபோது, "மறுபடி எழுதினாப் போச்சு. குழம்புல உப்பு போதுமான்னு பாரு," என்று கரண்டியை நீட்டினான். மறுபடி எழுதினாள். தேறினாள்.

கடைசி வருட ஆய்வுக்கு அவள் போனது பீடோர் பக்கம். பழைய ரப்பர் பால்மரத் தோட்டம் இப்போது முழுக்க எண்ணெய்ச் செம்பனை. அதன் ஓரத்தில் அர்ச்சுனனும் அவர் மனைவி புனிதாவும் பதினோரு மாடு வைத்துப் பால் கறந்து விற்றார்கள். காலைக் கறவையிலிருந்து உச்சிவேளை வரை கொட்டகையில் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மாடும் என்ன செய்கிறது என்று எழுத வேண்டும். நிற்கிறதா, படுத்திருக்கிறதா, தின்கிறதா, குடிக்கிறதா, அசைபோடுகிறதா. இரண்டு வாரம் இதே வேலை.

"மாடு படுத்திருக்குன்னு எழுதுறதுக்கா யூனிவர்சிட்டி?" என்று புனிதா சிரித்தாள். ஆனாலும் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

அந்த வீட்டில் சிரிப்பு அப்போது குறைவுதான். ஒரு மாதமாகப் பால் குறைந்துகொண்டே வந்தது. செவலை என்ற மாடு, மந்தையிலேயே சாது, கறக்கப் போனால் உதைத்தது. அர்ச்சுனன் கண்ணேறு என்று எலுமிச்சை கட்டிப் பார்த்தார். மருந்து வாங்கிக் கொடுத்தார். பொறுமை கெட்டு ஒருநாள் தடியாலும் இரண்டு போட்டார். எதுவும் பலிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை வியாபாரி வாரான். செவலைய ஏத்தி விட்ர வேண்டியதுதான்," என்றார். ஏற்றிவிட்டால் அது எங்கே போகும் என்று மூவருக்கும் தெரியும்.

நான்காம் நாள் துளசி ஒன்றைக் கவனித்தாள். மாடு தண்ணீர் குடித்தால் வாயை முக்கி உறிஞ்சும். இந்த மாடுகள் இரும்புத் தொட்டியருகே தயங்கி நின்று, நாய் போல நுனிநாக்கால் நக்கிவிட்டுத் தலையைப் பின்னுக்கு இழுத்தன. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டாள். மறுநாள் எண்ணிப் பார்த்தால் பதினொன்றில் ஒன்பது அப்படி. செவலைதான் அதிகம்.

அது வியாழக்கிழமை.

"அக்கா, இந்தத் தொட்டித் தண்ணியவே ஒரு பிளாஸ்டிக் வாளியில மொண்டு, அங்க தள்ளி வைங்களேன்."

புனிதா வைத்தாள். செவலை வாயை முக்கி ஒரே மூச்சில் வாளியைக் காலி செய்தது. இரண்டாவது வாளியையும் விடவில்லை. புனிதாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"தண்ணியில கோளாறு இல்லண்ணே, தொட்டியிலதான்," என்றாள் துளசி. "கரண்டு கசியுதுன்னு நெனைக்கிறேன். மொதல்ல மெயின் சுவிட்ச அடைங்க."

"நான் தெனம் கைய விட்டுக் கழுவுறேன். ஒண்ணும் இல்லியே?"

"நீங்க ரப்பர் பூட்ஸ் போட்டிருக்கீங்க. அதுங்க ஈரத்துல வெறுங்கால்ல நிக்குதுங்க."

அர்ச்சுனன் போய்ச் சுவிட்சை அணைத்தார்.

அன்று மாலையே வயர்மேன் வந்தான். தண்ணீர் மோட்டாரின் வயர் தொட்டியின் காலடியில் நசுங்கி, உறை கிழிந்து கிடந்தது. கறக்கும் இடத்துக் கம்பிகளும் அதே தொட்டியோடு பற்றவைக்கப்பட்டவை. செவலை உதைத்ததற்கும் அதுதான் காரணம். "இன்னும் கொஞ்சம் கிழிஞ்சிருந்தா ஆளையே தூக்கியிருக்கும்ணே," என்றான் அவன்.

அர்ச்சுனன் செவலையின் முதுகைத் தடவிக்கொடுத்தார். "வாயில்லாத சீவன அடிச்சுப்புட்டேனே, தங்கச்சி," என்றார். தானும் மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டு 'குடிக்கிறது' என்று கட்டத்தை நிரப்பியவள்தானே என்று துளசிக்குத் தோன்றியது.

வியாபாரிக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றார்கள். மற்ற மாடுகள் மறுநாளே தொட்டியில் வாய் வைத்தன. செவலைக்கு மட்டும் நான்கு நாள் ஆனது. துளசி அதையும் எழுதிவைத்தாள். மூன்று வாரத்தில் பால் பழைய அளவுக்கு வந்துவிட்டது.

பட்டம் வாங்கிய துளசி இப்போது தெலுக் இந்தான் வரை கொட்டகை கொட்டகையாகப் போகிறாள். மாடு உதைக்கிறது, ஆடு தின்னவில்லை என்று கூப்பிடுகிறார்கள். போனதும் முதலில் ஒரு மணிநேரம் சும்மா உட்கார்ந்து பார்க்கிறாள்.

ஆய்வேட்டின் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு பீடோருக்குப் போனபோது, நன்றி சொல்லும் பக்கத்தைத் தமிழில் சொல்லச் சொன்னாள் புனிதா. துளசி ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். மூன்று வருடம் சமைத்துப் போட்ட தர்மாவுக்கு. தெரியாத ஒருத்திக்குக் கொட்டகையைத் திறந்துவிட்ட அர்ச்சுனனுக்கும் புனிதாவுக்கும். தனக்கு வலித்ததை விடாமல் சொல்லிக்கொண்டே இருந்த செவலைக்கு.

புனிதா அந்தப் பக்கத்தைக் கையில் வாங்கி, தனக்குப் படிக்கத் தெரியாத அந்த மலாய் வரிகளில் தன் பெயர் எங்கே என்று கேட்டாள். துளசி விரல் வைத்துக் காட்டினாள்.

"சாப்பிட்டுட்டுத்தான் போவணும்," என்று சொல்லிவிட்டுப் புனிதா எழுந்து உலை வைக்கப் போனாள்.