பாதிப் பெயர்

எங்கள் குடியிருப்பில் யாருக்காவது சர்க்கரை என்று தெரிந்தால், டாக்டர் வீட்டுக்குப் போகும் வழியில் முதலில் இரண்டாம் மாடி செஸ்வாவாவின் கதவைத்தான் தட்டுவார்கள். செஸ்வாவா என்று அவளை யாரும் கூப்பிட்டதில்லை. செஷாதான். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் இது ஆகும், இது ஆகாது என்று அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது. அவள் புருஷன் ஜெனோனே, அவள் வேலை முடிந்து படியேறும் சத்தம் கேட்டால், "எல்லாரும் எந்திரிங்க, டாக்டரம்மா வந்தாச்சு" என்பான்.

இந்தப் பட்டம் சும்மா வரவில்லை. எங்கள் போலந்து ஊரில், விஸ்துலா ஆற்றங்கரையில் இருக்கும் பியெர்னிக் ஆலையில் அவளுக்கு வேலை. இஞ்சியும் கிராம்பும் தேனும் மணக்கும் மெத்தென்ற ரொட்டி, நடுவில் பிளம் ஜாம். அதைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. அந்த நாளில் ஆலையில் தனியாக ஒரு வரிசை ஓடியது. பச்சைப் பொட்டலம். மேலே 'நீரிழிவு உள்ளவர்களுக்கு' என்று கொட்டை எழுத்து, அடியில் 'ஃபிரக்டோஸ் சேர்த்தது' என்று சின்ன எழுத்து. பழத்தில் இருக்கிற சர்க்கரையாம், ரத்தத்தில் ஏறாதாம். ஊர் டாக்டரே வாயால் சொன்னார்: "நாக்கை அடக்க முடியலைன்னா அந்தப் பச்சைப் பொட்டலத்தைச் சாப்பிடுங்க." ஜெனோனுக்குச் சர்க்கரை வந்தபோது அவன் அழுதது ஊசிக்காக அல்ல, பியெர்னிக்குக்காக. பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஸ்டியரிங்கில் ஒரு கை, ரொட்டியில் ஒரு கை என்று இருந்தவன். ஆலையில் வேலையாட்களுக்குக் கொடுக்கும் பச்சைப் பொட்டலத்து உடைசல்களைச் செஷா பைநிறையக் கொண்டுவந்து அவன் முன் கொட்டினாள். அன்றைக்கு அவன் அவளைத் தூக்கிச் சுற்றினான், தடிமாடு, இடுப்பு பிடித்துக்கொண்டது.

பிறகு அந்த வரிசையை நிறுத்திவிட்டார்கள். இப்படித் தனிப் பண்டம் விற்பதில் நோயாளிக்கு ஒரு லாபமும் இல்லை என்று மேலே முடிவாகிவிட்டதாம். அந்தச் சேதி கீழே பெட்டி அடுக்குகிறவளுக்கு யார் சொன்னார்கள்? அவளுக்குத் தெரிந்ததெல்லாம், அதே வருஷம் சர்க்கரை மூட்டைகள் வருவது குறைந்து, பின்வாசலில் பளபளவென்று ஒரு டேங்கர் வண்டி வந்து நிற்க ஆரம்பித்தது மட்டும்தான். குழாயைச் செருகினால் தண்ணீர் மாதிரி தெளிந்த பாகு தொட்டிக்குள் இறங்கும். விலை மலிவு, ரொட்டியும் காயாமல் மெத்தென்று கிடக்கும். அதன் முழுப் பெயர் குளுக்கோஸ்-ஃபிரக்டோஸ் பாகு. வேலைக்கு நடுவில் இவ்வளவு நீளப் பெயரை யார் சொல்வது? மேஸ்திரியிலிருந்து பெருக்குகிறவன்வரை எல்லோரும் முன்பாதியை விழுங்கிவிட்டார்கள். "ஃபிரக்டோஸ் வந்தாச்சு, கேட்டைத் தொற" என்பதுதான் பேச்சு.

செஷா அதைக் கேட்டாள். மனது குளிர்ந்து போயிற்று. அன்று மாலையே ஜெனோனிடம், "கேட்டியா? இனிமே தனிப் பொட்டலமே வேணாமாம். எல்லாத்துலயும் ஃபிரக்டோஸ்தான் ஊத்துறாங்க. காலம் மாறிப்போச்சு, உன்னைமாதிரி ஆளுங்களையும் நெனச்சுப் பாக்குறாங்க" என்றாள்.

"எனக்காகவா ஆலையையே மாத்திட்டாங்க? அப்ப நான் பெரிய மனுஷன்தான்" என்று அவன் இரண்டு கையிலும் ரொட்டி எடுத்துக்கொண்டான்.

அட, பெட்டியின் பின்னால் முழுப் பெயரும் அச்சடித்துத்தான் இருந்தது. அதையும் அவள் படித்தாள். தெரிந்த சொல்லைக் கண் தேடிப் பிடித்துக்கொண்டது, தெரியாததைத் தாண்டிவிட்டது. நாமும் அப்படித்தான் படிக்கிறோம்.

கீழ்வீட்டு ரெகினாவுக்கும் சர்க்கரை. ஞாயிற்றுக்கிழமை கோழி சூப் வைத்தால் ஒரு பானை மேலே வரும். பானையைச் சும்மா திருப்பி அனுப்புவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. செஷா அதில் உடைசல் பியெர்னிக் நிரப்பி அனுப்புவாள். "சாப்பிடுடி, நமக்குன்னே செஞ்சது" என்பாள். தனக்குச் சர்க்கரை இல்லாவிட்டாலும் 'நமக்கு' என்றுதான் சொல்வாள், அப்படி ஒரு ஒட்டுதல். வருஷங்கள் இப்படியே போயின. இந்த வருஷத் தவக்காலத்தில் ரெகினாவின் தம்பி ரோமான், லுப்ளின் பக்கம் இருந்தவன், அவனுக்கும் சர்க்கரைதான், சிறுநீரகம் கெட்டு இறந்தபோது, மலர்வளையம் தூக்கிக்கொண்டு ரயிலேறிப் போனதும் செஷாதான்.

கோடையில் தோட்டத்தில் வேலை செய்தபோது ஜெனோனின் சுண்டுவிரலை ரப்பர் செருப்பு கடித்தது. காலையில் கைவிரலைக் குத்தி ரத்தச் சர்க்கரை பார்க்கிற பழக்கத்தை அவன் எப்போதோ விட்டிருந்தான். 'டாக்டரம்மா வீட்டிலேயே இருக்கும்போது மெஷின் எதுக்கு' என்று ஒரு சாக்கு. புண் ஆறவில்லை. வலியும் தெரியவில்லை. காலுறைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு சைக்கிள் மிதித்தான். வாடை வந்த பிறகுதான் அவள் பார்த்தாள். "ஏசுவே மரியே!" என்று அவள் அலறியது நாலு மாடிக்கும் கேட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அங்கேதான் நர்ஸ் கமிலா அவன் அலமாரியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"இது யார் கொடுத்தது?"

"என் சம்சாரம். இது எங்களுக்கு ஆகும், ஃபிரக்டோஸ் போட்டது" என்றான் ஜெனோன், பெருமையாக.

கமிலா பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். செஷாவைத் தனியாக வெளியே கூப்பிட்டாள். "செஸ்வாவாம்மா, ஃபிரக்டோஸுக்கு முன்னாடி குளுக்கோஸ்னு எழுதியிருக்கே, பாக்கலையா? இது சர்க்கரைதான். தண்ணியா இருக்கிற சர்க்கரை. நல்லா இருக்கிறவங்க எப்பவாவது ஒண்ணு ரெண்டு தின்னா ஒண்ணும் ஆகாது. இவர் எவ்வளவு சாப்பிட்டார்?"

"தினம்."

"எத்தனை?"

செஷா விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். இரண்டு கையும் போதவில்லை.

"இதனாலதான் கால் போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள் கமிலா, குரலைத் தாழ்த்தி. "சிகரெட் இருக்கு, வயசு இருக்கு, புண்ணைக் காட்டாம இருந்தது இருக்கு. ஆனா இது நல்லது செய்யலை."

அந்தப் பெண் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ஆனால் 'இதனால்தான்' என்று அடித்துச் சொல்லியிருந்தால்கூட செஷாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு ராத்தூக்கம் எப்படி வரும்?

ஜெனோன் வீட்டுக்கு வந்தான். அவள் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். அவன் போர்வையின் தட்டையான பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தான். "நான்தானே தின்னேன். நீ ஊட்டியா விட்டே?" என்றான். பிறகு, "வெளிய மூச்சு விடாதே. நான் சிகரெட்டுன்னே சொல்லிக்கிறேன். இந்தப் படிக்கட்டுல நீ தலை நிமிர்ந்து நடக்கணும்" என்றான்.

அவன் திட்டியிருக்கலாம். பாவி, திட்டவில்லையே என்றுதான் அவள் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் மிஞ்சும். ஆனால் கீழே ரெகினா நாளைக்கும் டீயோடு அதையே தின்பாள்.

ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டப்பட்டது. ரெகினா, கையில் சூப் பானை.

"மனுஷனுக்குத் தெம்பு வரட்டும். நல்லா கோழிக்கால் போட்டிருக்கேன்" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து ஜெனோன் சிரித்தான்: "ஒண்ணு போதும் ரெகினா, ஜோடி வேணாம்!"

செஷா சூப்பை வேறு பாத்திரத்தில் ஊற்றி, பானையைக் கழுவித் துடைத்து நீட்டினாள். ரெகினா பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, காலிப் பானை? ஆலையில உடைசல் தீந்துபோச்சா?"

"ஆமா ரெகினா, இப்பல்லாம் குடுக்கிறதில்ல!" உள்ளேயிருந்து ஜெனோன் அவசரமாகக் கத்தினான்.

"குடுக்கிறாங்க" என்றாள் செஷா. "நான்தான் வாங்கலை. அது நமக்குன்னு செஞ்சதில்ல ரெகினா. வெறும் சர்க்கரைப் பாகு. பாதிப் பேரைக் கேட்டுட்டு வந்து உனக்குக் குடுத்துட்டேன். இத்தனை வருஷமும். இனிமே தொடாதே. நாளைக்கே போய் ரத்தம் பாரு, காலைக் காட்டு. என்னைத் திட்டு, அடி, ஆனா போய்ப் பாரு."

ரெகினா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள், வீட்டுச் செருப்புக்குள் வீங்கிக் கிடந்த கால்கள். அப்புறம் நிமிர்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை, கணக்குப் போடுகிறவள் மாதிரி ஒரு யோசனை.

"நான் எல்லாத்தையும் தின்னலையே செஷா" என்றாள் மெதுவாக. "பாதிக்கு மேல ரோமானுக்குத்தான் பார்சல் போட்டேன். அவனுக்கு அவ்வளவு பிடிக்கும்."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள். கீழே கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"சொல்லிட்டியா?" என்றான் ஜெனோன் உள்ளேயிருந்து.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

செஷா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"பானையை வாங்கிக்காமப் போயிட்டா."