நெரிடா சொன்ன புதன்கிழமை

ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில், டயமன்டினா ஆற்றங்கரையில் பெட்ரோல் பங்க் நடத்தும் நெரிடாவுக்கு முப்பது வருடமாக ஒரே சண்டை, ஆற்றை நம்பாத ஆட்களோடுதான். சிட்னியிலிருந்து வந்த கிரெய்க், வறண்ட ஆற்று மணலில் கூடாரம் அடித்திருந்தான்.

“தம்பி, கூடாரத்தை மேட்டுக்கு மாத்து. ஆறு வருது.”

அவன் அண்ணாந்து பார்த்தான். “பொட்டு மேகம்கூட இல்லையே, அக்கா!”

“இங்க எதுக்கு மேகம்? வடக்கே அறுநூறு கிலோமீட்டர் தாண்டி மழை கொட்டி மூணு வாரம் ஆச்சு. அந்தத் தண்ணி எந்தப் பண்ணையைத் தாண்டுதுன்னு தினமும் போன் வருது.”

“ஆறுன்னா கடலுக்குத்தானே போகும்?”

“உங்க ஊர் ஆறு போகும். எங்க ஆறு கடலுக்கு முதுகைக் காட்டிட்டு உள்நாட்டு உப்பு ஏரிக்குப் போகும். புதன்கிழமை மூணு மணி, எழுதி வெச்சுக்க.”

கிரெய்க் சிரித்துக்கொண்டே கூடாரத்தை மாற்றினான். நாற்காலியை மட்டும் வேண்டுமென்றே மணலில் விட்டுவைத்தான்.

புதன்கிழமை, மண்டையைப் பிளக்கும் வெயிலில், சருகும் நுரையுமாக வந்த ஆறு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனது.

நெரிடா கடிகாரத்தைப் பார்த்து முகம் சுளித்தாள். “சே, ரெண்டரைதான் ஆகுது. இதுக்கு அப்படி என்ன அவசரம்!”